மஷிபூ, மதிபூ, 'நல்'

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லேப்டாப்பில் 31 சதவீதம் சார்ஜ். கீழே தெருவில் கடைக்காரர்களின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்திருந்தன. எங்கள் வீடு யாங்கூனில் அனவ்ரத்தா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நான்காவது மாடி. காளி கோயில் மணி இந்த ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டியும் கேட்கும். மணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. கூடப் பிறந்த தம்பி அல்ல, என்னோடு வேலை செய்யும் பையன். இரண்டு சந்து தள்ளித்தான் வீடு.

"அக்கா, மூணு டெஸ்ட் சிவப்பாயிடுச்சு. மூணுலயும் 'நல்'. நம்ம கோடுலதான் 'நல்'லே கிடையாதே, எப்படி வருது?"

நியாயமான கேள்வி. கோடு என்றால் நாங்கள் எழுதும் நிரல். டெஸ்ட் என்பது அது சரியா என்று சோதிக்கும் சிறு நிரல், தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. 'நல்' (null) என்பது ஒரு மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை என்ற குறி. எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் 'நல்' என்ற சொல்லைக் கோடில் எழுதக் கூடாது. ஒரு மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் நாங்கள் எழுதும் ஸ்காலா மொழியில் உள்ள ஆப்ஷன் என்ற, பெட்டி போன்ற வகையைப் (type) பயன்படுத்த வேண்டும். இருந்தால் 'சம்', இல்லாவிட்டால் 'நன்'. பழைய ஜாவா கோடை ஸ்காலாவில் திரும்ப எழுதிய நாளிலிருந்து இதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறோம். ஒன்றை வாங்கி ஒன்றைத் தரும் சிறு துண்டுகளான ஃபங்ஷன்களைக் கோத்து எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங் பக்கம் நாங்கள் வந்ததற்கே பாதிக் காரணம் இதுதான். ஒரு ஃபங்ஷனின் வகையைப் பார்த்தாலே அது என்ன தரும், எப்போது தராமல் போகும் என்று தெரிந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

அப்படியிருந்தும் 'நல்' வந்தது. ஒரே வாரத்தில் மூன்று இடத்தில். மூன்றுக்கும் மூன்று வேறு காரணம். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். யாராவது இதே இடத்தில் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்குத் தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

முதலில் எங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவுங் மிங்கலார் பேருந்து நிலையத்திலிருந்து மாண்டலே பக்கம் போகும் இரவுப் பேருந்துகளுக்கான பயணிகள் பட்டியலைத் தயாரிக்கிறது. டிக்கெட் ஏஜெண்டுகள் அவரவர் பட்டியலை அனுப்புவார்கள். அதை வாங்கி, பெயர்களை ஒழுங்குபடுத்தி, என்ஆர்சி என்ற அடையாள அட்டையின் எண்ணைத் தேடிச் சேர்த்து, இருக்கை எண் போட்டு, ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வழியில் நிறுத்திச் சோதிக்கும்போது தாளில் உள்ள பெயரும் கையில் உள்ள அட்டையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த ஒருவருக்காக வண்டியே நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வயதானவரை இறக்கி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பெயர் சரியாக வருவது எங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

பெயர் என்று சொல்லும்போது இந்த நாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிறந்த கிழமையைப் பார்த்து முதல் எழுத்தைத் தேர்ந்து பெயர் வைப்பது வழக்கம். அப்பா பெயரோ தாத்தா பெயரோ பின்னால் ஒட்டாது. முன்னால் ஒட்டுவது மரியாதைச் சொல். பெரியவர்களுக்கு ஆண் என்றால் ஊ, பெண் என்றால் டோ. இளையவர்களுக்குக் கோ, மா, மௌங். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டும்தான். அந்த 'ஊ' நாம் 'ஐயா' என்று சொல்வது போன்றது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதையும் பெயரின் பாதி போலவே எழுதின.

தமிழர்கள் நமக்கும் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். பர்மாவில் பிறந்த தமிழர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் கூடுதல். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிப் பதிவேட்டிலும் என்ஆர்சியிலும் ஒரு பர்மியப் பெயர். 1964-க்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் சென்னைக்குக் கப்பலேறி வியாசர்பாடியில் குடியேறிவிட்டார்கள். தாத்தா போகவில்லை. அங்கே போன அத்தைகளின் ஆவணங்களில் ஒரு பெயர், இங்கே இருக்கும் அப்பாவின் ஆவணத்தில் ஒரு பெயர். அண்ணன் தங்கை என்று காகிதத்தை வைத்து நிரூபிக்க முடியாது.

இதனாலேயே பெயரில் 'இல்லை' என்று ஒன்று வரும்போது எனக்கு மனசு சும்மா இருக்காது.

சரி, முதல் 'நல்'.

டெஸ்டில் ஒரே ஒரு பயணி. பெயர் "ஊ தாண்ட்". அட்டை எண்ணைத் தேடித் தரும் பகுதிக்கு மொக்கிட்டோ என்ற டெஸ்ட் நூலகத்தை வைத்து ஒரு மாக், அதாவது நிஜத்துக்குப் பதில் நிற்கும் போலி, செய்திருந்தான் தம்பி. "ஊ தாண்ட் என்று கேட்டால் இந்த எண்ணை 'சம்'முக்குள் வைத்துக் கொடு" என்று ஸ்டப், அதாவது முன்கூட்டியே தயாரித்த பதில், எழுதியிருந்தான். ஓடவிட்டால் நல்பாயிண்டர் எக்செப்ஷன், அதாவது 'நல்'லைத் தொட்டதால் நிரல் விழும் பிழை. எங்கே? தேடும் இடத்தில் இல்லை. மூன்று ஃபங்ஷன் தாண்டி, தாளில் அச்சிடும் வரியில். அந்த வரியில் ஒரு குற்றமும் இல்லை. "அட்டை எண் இருந்தால் போடு, இல்லாவிட்டால் ஒரு சிறு கோடு (-) போடு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

தம்பி அந்த வரியையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நடந்தது இதுதான். எங்கள் கோடு பெயரை ஒழுங்குபடுத்தும்போது முன்னால் உள்ள மரியாதைச் சொல்லை எடுத்துவிடுகிறது. ஆக, மாக்கிடம் போய்ச் சேர்ந்த கேள்வி "ஊ தாண்ட்" அல்ல, "தாண்ட்". மாக்குக்கு "தாண்ட்" யார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத கேள்வி வந்தால் மொக்கிட்டோ கோபப்படாது, தன் வழக்கமான பதிலைக் கொடுத்துவிடும். எண் கேட்டால் பூச்சியம், ஜாவாவின் பட்டியல் கேட்டால் காலிப் பட்டியல், ஜாவாவின் ஆப்ஷனல் கேட்டால், மொக்கிட்டோவின் இரண்டாம் பதிப்பிலிருந்து, காலி ஆப்ஷனல். மற்ற எல்லாவற்றுக்கும் 'நல்'. ஸ்காலாவின் ஆப்ஷன் அதற்கு அறிமுகம் இல்லாத வகை, அந்த 'மற்ற எல்லாவற்றிலும்' அதுவும் அடக்கம். ஆகவே 'சம்'மும் வரவில்லை, 'நன்'னும் வரவில்லை. ஆப்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' வந்து உட்கார்ந்தது.

ஓடுவதற்கு முன்பே கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் ஏன் தடுக்கவில்லை என்று தம்பி கேட்டான். ஸ்காலா ஓடுவது ஜாவா நிரல்களும் ஓடும் ஜேவிஎம்மில். அங்கே எந்தப் பொருளின் வகையாக இருந்தாலும் 'நல்' அதற்குள் நுழையலாம், ஆப்ஷன் உட்பட. ஸ்காலா மூன்றில் இதைத் தடுக்கத் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் நாமாக அதை இயக்கிவிட வேண்டும். வழக்கமான ஓட்டத்தில் வகை என்பது எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. மாக் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டதல்ல.

அதற்கப்புறம் அந்த 'நல்' சுகமாகப் பயணம் செய்தது. ஒரு பயணியின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கேஸ் கிளாஸுக்குள் ஏறியது, அது வாய் திறக்கவில்லை. வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் பெயரை மட்டும் பார்த்தது. இருக்கை போடும் ஃபங்ஷன் எண்ணை மட்டும் பார்த்தது. கடைசியில் அச்சிடும் வரிதான் அட்டை எண்ணைத் தொட்டது, தொட்டதும் விழுந்தது. ஃபங்ஷனல் கோடில் இது அதிகம் நடக்கும். மதிப்புகளைக் கையோடு கை மாற்றிக்கொண்டே போகிறோம், திறந்து பார்ப்பது கடைசியில்தான். ஜாவா 14-இல் வந்து 15 முதல் தானாகவே வேலை செய்யும் விரிவான பிழைச் செய்தி ஒரு பெரிய உதவி, எது 'நல்'லாக இருந்தது என்று பெயரோடு சொல்லிவிடும். ஆனால் யார் அதை அங்கே வைத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பின்னோக்கி நடந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் தம்பி ஒரு தீர்வு சொன்னான். நிறையப் பேர் சொல்லும் தீர்வு. "அக்கா, தேடுற இடத்துல வர்றதை ஒரு ஆப்ஷனுக்குள்ள சுத்திடலாமா? 'நல்' வந்தா அது தானா 'நன்' ஆயிடும். டெஸ்ட் விழாது."

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவன் சொல்வது நடக்கும். ஆப்ஷனுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து உருவாக்கினால் 'நல்' வந்தால் 'நன்' ஆகும் (நேரடியாக 'சம்' என்று எழுதினால் ஆகாது, 'நல்'லை வயிற்றில் வைத்துக்கொண்டு 'சம்' என்றே நிற்கும், இதுவும் பலரைக் கவிழ்த்திருக்கிறது). ஆனால் நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் கறாராகவே சொன்னேன்.

ஏன் என்று விளக்கக் கீழே டீக்கடையில் தினமும் கேட்கும் இரண்டு வார்த்தை போதும். பர்மிய மொழியில் ஒன்று இல்லை என்றால் 'மஷிபூ'. தெரியாது என்றால் 'மதிபூ'. டிக்கெட் கவுண்டரில் "சீட் மஷிபூ" என்றால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். "மதிபூ" என்றால் அங்கேயே நின்று, தெரிந்தவர் வரும்வரை காத்திருக்கலாம். நாமும் அப்படித்தான். இல்லை, தெரியாது, இன்னும் வரவில்லை, வேண்டாம், எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. யாரும் ஒன்றை இன்னொன்றாகக் குழப்பிக்கொள்வதில்லை. மாக் கொடுத்த 'நல்' ஒரு மதிபூ. "என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை" என்கிறது. அதை ஆப்ஷனுக்குள் சுற்றினால் மஷிபூ ஆகிவிடும். "இந்தப் பயணிக்கு அட்டை இல்லை" என்று டெஸ்ட் பச்சையாகச் சொல்லும். அட்டை இருக்கிறது, நாம்தான் கேள்வியை மாற்றிக் கேட்டோம்.

கணினி அறிஞர் டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த 'நல்' சுட்டியைக் கொண்டுவந்ததையும், 2009-இல் லண்டனில் ஒரு மாநாட்டில் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னதையும் இந்தத் துறையில் எல்லாரும் அறிவார்கள். எனக்கு அதில் தோன்றுவது இது. இல்லாமை என்று ஒன்று இருப்பது தவறே இல்லை. உலகத்தில் இல்லாமை நிறையவே இருக்கிறது. எல்லா இல்லாமைக்கும் ஒரே முகம் கொடுத்ததுதான் இவ்வளவு வலிக்கும் காரணம்.

மாக்கை எடுத்துவிட்டோம். அட்டை எண் தேடும் பகுதி பல வேலைகளைப் பட்டியலிடும் ஒரு பெரிய இன்டர்ஃபேஸாக இருந்தது, அதில் நாங்கள் கூப்பிடுவது ஒரே ஒரு வேலையைத்தான். ஆகவே அந்தப் பகுதியை முழுதாகக் கொடுப்பதற்குப் பதில், பெயரை வாங்கி ஆப்ஷனில் எண்ணைத் தரும் ஒரு ஃபங்ஷனை மட்டும் கொடுக்கும்படி மாற்றினோம். நிஜத்தில் அது தரவுத்தளத்தைக் கேட்கும். டெஸ்டில் அது வெறும் மேப், பெயருக்கு நேரே எண் எழுதிய அட்டவணை. ஸ்காலாவின் மேப்பில் கெட் என்பதே அந்த வகையில் உள்ள ஃபங்ஷன்தான், இருந்தால் 'சம்', இல்லாவிட்டால் 'நன்'. ஸ்டப் எழுத வேண்டாம், நூலகம் வேண்டாம், 'நல்' வர வழியும் இல்லை, நாமே மேப்புக்குள் வைத்தால் தவிர. ஃபங்ஷனை மதிப்பாகக் கொடுக்கக்கூடிய மொழியில் இருந்துகொண்டு இத்தனை நாள் மாக் செய்துகொண்டிருந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மாக்கையே வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் மொக்கிட்டோவின் ஸ்ட்ரிக்ட் ஸ்டப் அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஒரு பெயருக்கு ஸ்டப் எழுதி வேறு பெயரைக் கேட்டால் அது அந்த இடத்திலேயே சத்தம் போடும்.

மேப் வைத்ததில் இன்னொரு விஷயம் நடந்தது. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

மாக் இருந்தவரை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஸ்டப் எழுதுவது சலிப்பு. அதனால் டெஸ்டுக்கு ஒரே ஒரு பயணி. மேப் என்றால் பெயர்களைச் சும்மா எழுதிக்கொண்டே போகலாம். பதினான்கு பெயர் எழுதினேன். யோசிக்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கேட்டுப் பழகிய பெயர்கள். ஓடவிட்டேன். பதின்மூன்று பேர் வந்தார்கள்.

'நல்' இல்லை. எக்செப்ஷன் இல்லை. ஸ்டாக் ட்ரேஸ் இல்லை. ஒருவர் மட்டும் பட்டியலில் இல்லை.

சார்ஜ் அப்போது 12 சதவீதம். பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டேன். காணாமல் போனவர் பெயர் கோ கோ. பர்மாவில் இது சர்வ சாதாரணமான பெயர், எங்கள் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான். இங்கே கோ என்பது மரியாதைச் சொல் மட்டும் அல்ல, பெயரும் கூட. மௌங் மௌங்கும் அப்படித்தான்.

எங்கள் ஒழுங்குபடுத்தும் ஃபங்ஷனை நான்தான் எழுதினேன். தன்னையே திரும்ப அழைக்கும் அழகான சிறிய ஃபங்ஷன். முதல் சொல் மரியாதைச் சொல்லாக இருந்தால் அதை எடு, மீதியைத் திரும்பத் தன்னிடமே கொடு. சில ஏஜெண்டுகள் இரண்டு மரியாதைச் சொல் சேர்த்து எழுதுவார்கள் என்பதற்காக அப்படி எழுதினேன். "கோ கோ" வந்தால் முதல் கோவை எடுக்கிறது. மீதி "கோ". அதுவும் பட்டியலில் உள்ள சொல், அதையும் எடுக்கிறது. மீதி காலி. காலிப் பெயருக்கு 'நன்' என்று திருப்பித் தருகிறது, அதுவும் நான் எழுதிய நல்ல பழக்கம்தான். கடைசியில் ஆப்ஷன்களின் பட்டியலை ஒன்றாகத் தட்டையாக்கும்போது 'நன்'கள் எல்லாம் ஓசைப்படாமல் உதிர்ந்துவிடும். அப்படித்தான் ஒரு மனிதர் உதிர்ந்தார்.

தம்பி சொன்னபடி 'நல்'லைச் சுற்றியிருந்தால் அந்த ஒரு பயணி டெஸ்ட் பச்சையாகியிருக்கும். இது தெரிந்தே இருக்காது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேருந்து நிலையத்தில் உள்ள ஒரு ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். வயதானவர், என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். கோ கோ என்ற பெயரில் பயணிகள் வந்தால் பட்டியலில் வருகிறதா என்று கேட்டேன். "வராதே" என்றார் நிதானமாக. "கம்ப்யூட்டர் கோ கோவை எப்பவும் விட்டுடும். மௌங் மௌங்கையும் விட்டுடும். நான் பேனாவால கீழே எழுதிச் சேத்துடுவேன்." எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நாங்கள்தான் ஒரு தடவை அங்கே போய் அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும். அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே நீல மையில் ஒரு பெயர். அதைப் பார்த்திருந்தால் போதும்.

அவருக்கு மனதார நன்றி சொன்னேன். அவர் பேனா இல்லாதிருந்தால் அந்த மனிதர்கள் ராத்திரி நடுவழியில் நின்றிருப்பார்கள்.

இரண்டாவது 'நல்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஸ்காலாக்காரர்களுக்கு இது பழைய பகை. டெஸ்டுகளுக்குப் பொதுவான விஷயங்களை, பல கிளாஸ்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு ட்ரெய்ட்டில் வைத்திருந்தோம். புறப்படும் ஊர் என்ற வால் (val, ஒரு தடவை வைத்தால் மாறாத மதிப்பு) அங்கே மதிப்பு இல்லாமல் இருக்கும், அதை ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் நிரப்பும். அந்த ட்ரெய்ட்டிலேயே தலைப்பு என்று இன்னொரு வால், ஊரின் பெயரையும் "மாண்டலே"யையும் சேர்த்து உருவாகும். பிரச்சினை வரிசையில். ட்ரெய்ட் முதலில் உயிர்பெறும், கிளாஸ் அப்புறம். தலைப்பைச் சேர்க்கும் நேரத்தில் ஊரின் பெயர் இன்னும் வந்திருக்காது. எனவே அங்கே 'நல்'. எழுத்துகளோடு சேரும்போது அது விழாது, "நல் - மாண்டலே" என்று அப்படியே எழுத்தாகிவிடும்.

எனக்குப் பயமாக இருந்தது சிவப்பான டெஸ்டைப் பார்த்தல்ல. பக்கத்தில் இன்னொரு டெஸ்ட் பச்சையாக இருந்தது. அச்சிட்ட தாளின் தலைப்பும் எதிர்பார்த்த தலைப்பும் ஒன்றா என்று அது பார்த்தது. இரண்டும் அந்த ஒரே வாலிலிருந்து வந்தவை, இரண்டிலும் "நல் - மாண்டலே". ஒன்றாகத்தானே இருக்கும்! வாலை, கேட்கும்போதுதான் கணக்கிடப்படும் டெஃப் அல்லது லேசி வால் ஆக மாற்றினால் தீர்ந்தது. அதோடு, எதிர்பார்க்கும் மதிப்பைக் கணக்கிட்டு எடுக்காமல் கையால் "யாங்கூன் - மாண்டலே" என்று முழுசாக எழுதுவது என்று முடிவு செய்தோம். இந்த 'நல்' மஷிபூவும் இல்லை, மதிபூவும் இல்லை. "கொஞ்சம் பொறு, இன்னும் வரவில்லை" என்பது.

மூன்றாவது வெளியிலிருந்து வந்தது. ஏஜெண்டுகள் அனுப்பும், ஜேசன் என்ற தரவு வடிவில் உள்ள கோப்பின் ஒரு மாதிரியை டெஸ்டில் வைத்திருந்தோம். அதில் அப்பா பெயர் என்ற புலமே இல்லாத ஒரு பதிவு. எங்கள் கிளாஸில் அதை வெறும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று போட்டிருந்தோம், ஆப்ஷன் என்று போடவில்லை. ஜேசனைப் படிக்க நாங்கள் பயன்படுத்தும் ஜாக்சன் நூலகம் கோப்பில் இல்லாத ஸ்ட்ரிங் புலத்துக்கு 'நல்' வைத்துவிடும். எல்லை வழியாக உள்ளே வரும் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். இந்த ஒரு புலத்தில் மட்டும் நழுவவிட்டோம். என்ஆர்சி அட்டையில் எல்லாருக்கும் அப்பா பெயர் இருக்கும், அதனால் எல்லாருக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டோம். அட்டையில் இருப்பது வேறு, ஏஜெண்ட் அதைக் கேட்டு எழுதுவது வேறு. இப்போது அந்தப் புலத்துக்கு ஆப்ஷன் கூடப் போடவில்லை, தனி வகையே செய்துவிட்டோம். பெயர் தெரியும், கேட்டோம் சொல்லவில்லை, இன்னும் கேட்கவில்லை, மூன்று நிலை. மூன்றுக்கும் தாளில் வேறு வேறு குறி விழும். கம்பைலர் மூன்றையும் கையாளச் சொல்லி நச்சரிக்கும், நச்சரிக்கட்டும்.

குடும்பப் பெயர் என்ற புலத்தை எங்கள் கோடிலிருந்து முழுதாக எடுத்துவிட்டோம். பணம் செலுத்தும் வெளிநாட்டுச் சேவை ஒன்றுக்காக அதை வைத்திருந்தோம். அவர்களுக்கு அது இல்லாமல் நகராது. எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கான பதிவில் அது காலி, அல்லது ஒரு சிறு கோடு (-), அல்லது ஒரு புள்ளி.

இதில் எனக்குச் சொந்த வலி ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குச் சென்னை கூட்டிப்போக டிக்கெட் போட்டேன். அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். இணையப் படிவம் குடும்பப் பெயரைக் காலியாக விட அனுமதிக்கவில்லை. அதே பெயரை இரண்டு தடவை எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அம்மாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் நின்றார். கண் சரியாகத் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேர்ல என்னம்மா தப்பு?" என்று கேட்டார். ஒரு தப்பும் இல்லைம்மா என்றேன். இப்போதும் ஒரு படிவத்தில் கட்டாயம் என்ற சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்தால் அந்தக் கை ஞாபகம் வரும்.

அந்தச் சேவைக்குப் போகும் இடத்தில் மட்டும், எல்லையில், ஒரு சிறிய ஃபங்ஷன் வைத்திருக்கிறோம். அவர்களுக்குத் தேவையான வடிவத்தில் பெயரை மாற்றித் தரும். உள்ளே எங்கள் பதிவில் ஒருவரின் பெயர் அவர் சொன்ன பெயர், அவ்வளவுதான்.

ஒழுங்குபடுத்தும் ஃபங்ஷனைத் திருத்துவது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு சொல்லாவது மிஞ்ச வேண்டும் என்று முதலில் மாற்றினோம். "கோ கோ" "கோ" ஆனது. ஆள் பட்டியலுக்கு வந்தார், அட்டை எண் வரவில்லை, அட்டையில் இருப்பது கோ கோ. பிறகு மரியாதைச் சொல்லை வெட்டுவதையே நிறுத்திவிட்டோம். ஏஜெண்ட் மரியாதைச் சொல்லைத் தனியாகத் தேர்ந்தெடுப்பார், பெயர் தனியாக வரும், பெயரை யாரும் தொட மாட்டோம். ஸ்காலாசெக் வைத்து ஒரு விதியும் எழுதினோம். ஹாஸ்கெல் மொழிக்கு வந்த குவிக்செக்கின் வழியில் வந்த நூலகம் இது. நாம் உதாரணம் எழுத வேண்டாம், விதியைச் சொன்னால் போதும், அதுவே உதாரணங்களை உருவாக்கி உடைக்கப் பார்க்கும். எங்கள் விதி, எத்தனை பேர் உள்ளே போகிறார்களோ அத்தனை பேர் வெளியே வர வேண்டும். மரியாதைச் சொற்களையும் பெயர்ச் சொற்களையும் கலந்து பெயர் உருவாக்கச் சொன்னோம். பழைய ஃபங்ஷனை அதனிடம் கொடுத்துப் பார்த்தேன், ஒரு நொடி கூட ஆகவில்லை. "மா" என்ற ஒற்றைச் சொல்லோடு வந்து நின்றது.

பழைய பதிவுகள்தான் மிச்சம். அவற்றில் மரியாதைச் சொல்லும் பெயரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. "மௌங் மௌங்" என்று எழுதியிருந்தால் மௌங் என்பவரை மரியாதையாக எழுதினார்களா, மௌங் மௌங் என்பதே பெயரா என்று எந்த ஃபங்ஷனாலும் சொல்ல முடியாது. அவற்றுக்கு மதிபூ என்ற நிலையைக் கொடுத்திருக்கிறோம், கோடிலேயே பர்மிய எழுத்தில் அதுதான் பெயர். அடுத்த தடவை அவர் டிக்கெட் வாங்க வரும்போது ஏஜெண்டின் திரையில் ஒரு கேள்வி வரும், உங்கள் அட்டையில் எப்படி இருக்கிறது என்று.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கான பட்டியலைப் பெரியவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாற்பத்திரண்டு பெயர், பதினேழாவது கோ கோ. கீழே பேனா எழுத்து எதுவும் இல்லை. தம்பிக்கு அனுப்பினேன். இன்னும் அவன் பதில் அனுப்பவில்லை, அவன் தெருவில் கரண்ட் இல்லை போலிருக்கிறது.